தாடை இல்லாத பட்டியல்

பிறப்பியலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், "அறிவியல் இப்பதான் கண்டுபிடிக்குது, தொல்காப்பியர் அப்பவே சொல்லிட்டாரு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். இந்தப் பாராட்டு எனக்கு ஒப்பவில்லை. இது நூலைப் படிக்காமல் தப்பிக்கிற வழி.

எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் அது. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது. மொத்தம் எட்டு. எண்ணிப் பாருங்கள், தாடை இல்லை. ஆனால் அதன் வேலை இருக்கிறது. அ, ஆ இரண்டும் அங்காந்து பிறக்கும் என்கிறார். அங்காத்தல்னா வேறொன்றுமில்லை, வாயைத் திறப்பதுதான். இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்துக்கும் அதே திறப்பு. கூடவே நாவின் விளிம்பு அண்பல்லைத் தொட வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ என்றால் இதழ் குவிய வேண்டும்.

இனி தாடையையே அளந்தவர்களிடம் போவோம். சுவீடனின் உல்ஃப் போசெல்ட் 1952இல், கீழ் முன்பல்லின் நுனி எதுவரை போக முடியும் என்ற எல்லையைப் படமாக வரைந்தார். தாடை கதவுக் கீல் மாதிரி சுழல்கிறது என்பது பாதி உண்மைதான். சுமார் 2 செ.மீ. திறக்கும்வரை அப்படிச் சுழல முடியும். அதற்கு மேலே போனால் மூட்டே முன்னால் வழுக்குகிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைப் பெரிதாகத் திறங்க, தெரியும். அதனால் தாடையைக் கணிதத்தில் முழுசாக எழுத ஆறு எண்கள் வேண்டும்: நகர்வுக்கு மூன்று, சுழற்சிக்கு மூன்று.

அந்த ஆறு எண்களும் தொல்காப்பியத்தில் கிடையாது. அதனால் நூலுக்கு ஒரு குறையும் இல்லை. போசெல்ட் கேட்டது, தாடை எங்கெல்லாம் போகும் என்று. தொல்காப்பியர் கேட்டது, தமிழில் ஓர் எழுத்து இன்னொன்றிலிருந்து எப்படி வேறாகிறது என்று. அ, இ, உ மூன்றையும் பிரிக்க அவருக்குத் திறப்பும் நாவும் இதழும் போதுமாக இருந்தன.

சின்னமனூர்க்காரனான எனக்கு இந்த இடத்தில் மேகமலையின் சிங்கவால் குரங்குகள் ஞாபகம் வரும். கன்னப்பையில் பழத்தை அடைத்துக்கொண்டு நிதானமாக மெல்லும். மெல்லும்போது தாடை ஏறி இறங்கும் அசைவிலிருந்தே பேச்சின் அசை வளர்ந்தது என்று 1998இல் பீட்டர் மெக்நீலேஜ் வாதிட்டார். 2016இல் டெகும்சே ஃபிட்ச் குழு, இன்னொரு மக்காக் குரங்கின் வாயசைவை எக்ஸ்ரேயில் பிடித்துக் கணினி மாதிரியாக்கியது. அந்த வாயால் தெளிவான உயிரொலிகளை எழுப்ப முடியும் என்று முடிவு வந்தது. அது பேசாததற்குக் காரணம் வாய் இல்லை, வாயை நடத்தும் மூளை என்றார்கள். ஆக, தாடையை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் மொழி அதற்குள் அகப்படாது.

பிறப்பியலின் முடிவில் தொல்காப்பியரும் ஒரு கோடு போடுகிறார். உள்ளே எழும் காற்றின் இசையை அளப்பது அந்தணர் மறையின் வேலை; இங்கே அதைச் சொல்லவில்லை; வெளியே வந்து ஒலிக்கும் இசையின் அளவை மட்டுமே சொன்னேன் என்கிறார். தன் மாதிரி எதை அளக்கவில்லை என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். "எல்லாம் அப்பவே சொல்லிட்டாரு" என்று நாம் பகிரும் வாசகத்தை மறுப்பவர் அவர்தான். அடுத்த முறை பகிர்வதற்கு முன்னால் அந்தக் கடைசிப் பகுதியையாவது படிச்சுருங்க.