தலைக்கு ஐம்பது ஏக்கர்

1607இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய வர்ஜீனியாக் குடியேற்றம் பத்தே ஆண்டுகளில் தள்ளாடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பசியாலும் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். லண்டனில் முதல் போட்ட வர்ஜீனியா கம்பெனியின் பங்குதாரர்களுக்கு லாபம் என்று எதுவும் கைக்கு வரவில்லை. கம்பெனியிடம் பணம் இல்லை. இருந்தது நிலம் மட்டுமே; அதுவும், தனக்குச் சொந்தம் என்று அதுவாகவே சொல்லிக்கொண்ட நிலம். 1618இல் கம்பெனி ஒரு விதியைக் கொண்டுவந்தது. சொந்தச் செலவில் கடல் கடந்து வருபவருக்கு 50 ஏக்கர். இன்னொருவருக்குக் கப்பல் கட்டணம் கட்டி அழைத்து வந்தால் அந்த ஆளின் பேரிலும் 50 ஏக்கர், கட்டணம் கட்டியவருக்கு. தலையுரிமை என்று சொல்லத்தக்க இந்த ஏற்பாடுதான் அந்தக் குடியேற்றத்தைக் காப்பாற்றியது. அதன் சமூகத்தைக் கோணலாக்கியதும் இதுதான் என்பது என் கருத்து.

காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. அதற்கு முன் குடியேறியவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் பொதுக் களஞ்சியத்துக்காக உழைத்தார்கள். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் தன் வீட்டுக்கு மாற்றமில்லை என்னும்போது யார் முதுகொடிய வேலை செய்வார்கள்? சொந்த நிலம் என்றதும் நிலைமை மாறியது. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் பயிரிட்டுப் பார்த்த புகையிலை லண்டனில் விலை போகத் தொடங்கியிருந்த நேரம் அது. இங்கிலாந்தில் வேலையின்றி அலைந்த இளைஞர்களால் ஆறு பவுண்டு அளவிலான கப்பல் கட்டணத்தை நினைத்தும் பார்க்க முடியாது. அதை இன்னொருவர் கட்ட, இவர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஒப்பந்தக் கூலியாக உழைத்தார்கள். கஜானாவிலிருந்து ஒரு ஷில்லிங் செலவில்லாமல் ஆள் வந்து சேர்ந்தது. தொடக்க காலத்தில் ஒப்பந்தம் முடித்த சிலர் நிலம் வாங்கி, சட்டமன்றத்தில் உட்காரும் அளவுக்கு உயர்ந்ததும் உண்மை.

அது ஏன் ஐம்பது ஏக்கர் என்பதைப் புரிந்துகொள்ளப் புகையிலையின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் நாற்றங்காலில் விதைப்பு. மே மாத மழையில் மண்மேடுகளில் நடவு. பிறகு களையெடுப்பு, தலைக்கொழுந்தைக் கிள்ளுவது, பக்கக் கிளையை ஒடிப்பது. கோடை முழுக்க ஒவ்வோர் இலையையும் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் விரல்தண்டிப் பச்சைப் புழுவை எடுத்து நசுக்க வேண்டும். அறுத்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, பெரிய மரப்பீப்பாய்களில் அழுத்தி அடைக்க வேண்டும். ஓர் ஆள் பார்க்கக்கூடியது இரண்டு மூன்று ஏக்கர்தான். ஆனால் மூன்று நான்கு வருடத்தில் மண் சத்திழந்துவிடும். மறுபடி புகையிலை போட இருபது ஆண்டுகள் தரிசாக விட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐம்பது ஏக்கர் பேராசையல்ல, பயிருக்கு ஏற்ற கணக்குதான்.

கணக்கைக் குலைத்தது ஆறு. ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக், பொட்டோமாக் ஆகிய நான்கும் கடற்கப்பல் உள்ளே வருமளவுக்கு ஆழமானவை. கரையில் நிலம் வைத்திருப்பவர் தன் சொந்தத் துறையிலேயே பீப்பாய்களை ஏற்றி, அதே கப்பலில் லண்டன் துணியையும் இரும்புச் சாமானையும் இறக்கிக்கொண்டார். சந்தைக்கோ ஊருக்கோ தேவை எழவில்லை. நூறாண்டு ஆகியும் பெரிய நகரம் ஒன்று அங்கே உருவாகாததற்கு இது முக்கியக் காரணம். முதலில் வந்து நிறைய ஆட்களை இறக்குமதி செய்தவர்கள் ஆற்றங்கரையை வளைத்தார்கள். கரை நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளான பொவ்ஹாட்டன் மக்கள் மக்காச்சோளம் விளைவித்துப் பண்படுத்தி வைத்திருந்த வயல்கள். 1622 மார்ச்சில் அவர்கள் திருப்பித் தாக்கியபோது 347 ஆங்கிலேயர்கள் இறந்தார்கள். அதன் பிறகான போர்கள் பொவ்ஹாட்டன் மக்களைத்தான் பின்னுக்குத் தள்ளின. கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அளந்து கொடுக்க வேண்டிய நிலம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் வழக்கமாக மோசடியைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஒரே ஆளின் பேரில் கப்பல் தலைவரும் வணிகரும் தோட்டக்காரரும் தனித்தனியே நிலம் வாங்கினார்கள்; மாலுமிகள் வந்துபோன பயணங்களுக்கெல்லாம் உரிமை கோரினார்கள். நடந்ததுதான். ஆனால் ஒரு பொய்க்கணக்கும் இல்லாமல் நேர்மையாக நடந்திருந்தாலும் விளைவு பெரிதாக மாறியிருக்காது. வந்தவனின் பேரில் கிடைக்கும் நிலம், அழைத்து வந்தவனுக்குப் போனது. இருபது பேரைக் கொண்டுவந்தவருக்கு ஆயிரம் ஏக்கரும் கிடைத்தது, அதில் வேலை செய்ய அந்த இருபது பேருமே கிடைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவருக்கு வர்ஜீனியாவில் வழக்கமாகக் கிடைத்தது கொஞ்சம் தானியமும் உடுப்பும். இருநூறு ஆண்டுகள் கழித்து இலங்கைத் தோட்டங்களில் தமிழ்க் கங்காணிகளுக்கு ஆள்கணக்கில் தலைக்காசு கொடுத்தபோதும் இதே தர்க்கம் வேலை செய்ததை நம் வாசகர்கள் அறிவார்கள்.

நிலப் பட்டாவின் அடியில் அழைத்து வரப்பட்டோரின் பெயர்ப்பட்டியல் இருக்கும். அதில் ஆங்கிலேயரின் முழுப்பெயர்களுக்கு நடுவே சில ஆப்பிரிக்கர்கள் வெறும் முதற்பெயரோடு, சில இடங்களில் பெயரே இல்லாமல் ‘நீக்ரோ’ என்று மட்டும் வருவார்கள். அவர்கள் பேரிலும் 50 ஏக்கர் உண்டு. 1662இல் வந்த சட்டம், குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. அதாவது அதே ஐம்பது ஏக்கரோடு தலைமுறை தலைமுறையாக உழைப்பும் சேர்ந்து கிடைத்தது. மனிதரைப் பரப்பளவாக எழுதப் பழகிய பதிவேட்டில் அடிமையைச் சேர்க்கப் புதிய பத்தி எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு மறுப்பாக ஆன்டனி ஜான்சனைச் சொல்வதுண்டு. 1621இல் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர். விடுதலை பெற்று, 1651இல் ஐந்து தலைகளின் பேரில் 250 ஏக்கர் வாங்கினார். விதி நிறம் பார்க்கவில்லை என்பதற்கு அவர் சான்றுதான். ஆனால் 1670இல் அவர் இறந்தபின், அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர் என்று சொல்லி அவர் நிலம் அரசுக்குரியது என்று வர்ஜீனிய ஜூரி முடிவு செய்தது.

நிலமற்ற முன்னாள் கூலிகள் எல்லைப்புறத்தில் குவிந்தார்கள். 1676இல் நதானியல் பேகன் என்ற தோட்டக்காரர் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது ஜேம்ஸ்டவுனையே எரித்த கூட்டத்தில் அவர்கள் நிறையப் பேர். அந்தக் கிளர்ச்சி பூர்வகுடிகள் மீதும் கொடூரமாகப் பாய்ந்தது என்பதால் அதை ஏழைகளின் எழுச்சி என்று மட்டும் கொண்டாட என்னால் முடியாது.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். பக்கத்திலிருந்த மேரிலாந்து, ஒப்பந்தம் முடித்தவருக்கே 50 ஏக்கர் உரிமை கொடுத்துப் பார்த்தது. நியாயமான திருத்தம். ஆனால் அளவைக் கட்டணத்தையும் பட்டாச் செலவையும் அவர் தலையிலேயே கட்டியதால், பலர் அந்த உரிமையைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார்கள். அதைத் தாங்கக் கைமுதலும் ஓராண்டுத் தவணையும் கொடுத்திருந்தால் அங்கே சிறு விவசாயி பெருகியிருக்கலாம். பூர்வகுடிகளின் நிலம் அப்போதும் பறிபோயிருக்கும். வர்ஜீனியா போன திசை வேறு. 1699இல் அது ஐம்பது ஏக்கரை ஐந்து ஷில்லிங்குக்கு நேரடியாகவே விற்க ஆரம்பித்தது. அதற்குள் நல்ல கரைகள் எல்லாம் சில குடும்பங்களின் கையில் இருந்தன.