தறிக்கணக்கும் கலைக்கணக்கும்

சர்க்கார் அறிக்கைகளை இலக்கியமாகப் படிக்க முடியுமா என்று கேட்டால், சிலவற்றைப் படிக்கலாம் என்றுதான் சொல்வேன். 1961-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, அன்றைய சென்னை ராஜ்யத்தின் கைத்தொழில்களைப் பற்றித் தனித்தனியாக நூல்கள் வெளியிட்டார்கள். காஞ்சிபுரம் பட்டு நெசவுக்கும் அதில் ஒரு நூல் உண்டு. ஒரு தொழிலைப் புரிந்துகொள்ள அதன் கருவியையும் கூலியையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் அந்த வரிசைக்கு ஆதாரம்.

பின்னால் வந்தவற்றில் எண்களே ஜாஸ்தி. 2019-20-ல் எடுத்த நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்குப்படி, தேசம் முழுவதும் கைத்தறி வேலையில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். 2009-10-ல் 43 லட்சம். எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்? நாவலாசிரியன் இந்தக் கேள்வியில் ஆரம்பிப்பான். கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

எண்ணியதில் பிசகு இருப்பதாக நான் சொல்லவில்லை. கணக்கில் இருப்பவை நெசவாளி, துணைத் தொழிலாளி என்று இரண்டு கட்டங்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அதற்குத் தறியில் இன்னொருவரும் உட்கார வேண்டும். அவர்கள் இருவரும் கணக்கில் வந்துவிடுவார்கள். இந்த உடலுக்கு இந்தக் கரைதான் எடுக்கும் என்று கண்டுபிடித்த மனசு எந்தக் கட்டத்தில் வரும்?

உதவியும் கணக்கின் வழியேதான் போகிறது. 1985-ம் வருஷத்துச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. விற்ற துணிக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் வேண்டியவையே. ஆனால் இவை காப்பாற்றுவது நெய்து முடித்த துணியையும் ஊரின் பெயரையும்தான். நெசவாளிக்குப் பெரும்பாலும் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. புது மாதிரி ஒன்றைத் தறியில் போட்டு, சரிவராமல் பிரித்து, மறுபடி போட்டுப் பார்க்கும் நாட்களுக்குக் கூலி கிடையாது. யோசிக்கிற நாள் அடுப்பு எரியாத நாள். ஆகவே போன வருஷத்து மாதிரியையே அவர் நெய்கிறார். ரசனை குன்றிவிட்டது என்று நாம் கடையில் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொள்கிறோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1952-ல் ஏற்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் கைவினை வாரியத்தையும் 2020-ல் கலைத்துவிட்டார்கள். யோசனை கேட்பதற்கென்று இருந்த இடமும் போயிற்று.

இந்த நிலையில் கணக்கெடுப்பவர்களாவது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: ‘நீங்களாக யோசித்து ஒரு புது மாதிரியைக் கடைசியாக நெய்தது எப்போது?’ வருகிற பதிலைப் பார்த்து உதவியைத் தீர்மானித்தால், தறியோடு கலையும் மிஞ்சும். இல்லாவிட்டால் தறி மட்டும் மிஞ்சும். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.