மிருகத்தின் கனம்

விஞ்ஞானக் கற்பனைப் படம் ஒன்றின் முன்னோட்டம் வெளியானவுடன் அமெரிக்க ரசிகர்களிடையே ஒரு கவலை எழுவது வழக்கமாகிவிட்டது. கதை எப்படி இருக்குமோ என்ற கவலை அல்ல. பிராணிகளைக் கையால் செய்திருக்கிறார்களா, கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டார்களா என்பதுதான். 2014 நவம்பரில் 'ஜுராஸிக் வேர்ல்ட்' முன்னோட்டம் வந்தபோது, படம் வெளிவர இன்னும் 7 மாதம் இருக்கையிலேயே, 1993-ல் பார்த்த டைனோஸாருக்கு இருந்த உயிர் இதற்கு இல்லை என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பொய் என்று தெரிந்தே பார்க்கிற பொய் நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறவன் நல்ல ரசிகன். கதை எழுதுகிற எங்களிடமும் அவன் அதையேதான் கேட்கிறான். ஆனால் குறையின் காரணத்தை அவன் வேறு இடத்தில் தேடுகிறான்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜுராஸிக் பார்க்'கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோஸார்கள் கண்ணில் படுவது சுமார் 15 நிமிஷம்தான். கம்ப்யூட்டர் வரைந்தவை அதில் பாதிக்கும் குறைவு. ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் செய்த பெரிய யந்திர மிருகத்தின் ரப்பர்த் தோல் மழைக் காட்சியில் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், உடம்பு முழுவதும் நடுங்கத் தொடங்கிவிட்டது. ஆட்கள் துணியால் ஒற்றிக் காயவைக்க வேண்டியிருந்தது. அதே காட்சியில் அது வேலியைக் கடந்து முழு உருவத்தோடு வெளியே நடப்பது கம்ப்யூட்டர் வேலை. எது ரப்பர், எது கணக்கு என்று பார்க்கும்போது நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏன்? மிருகம் வருவதற்கு முன்னால், காரில் வைத்திருக்கும் தம்ளர்த் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்புகிறது. அதற்காக அடியில் ஒரு கிதார்த் தந்தியைக் கட்டிச் சுண்டினார்கள், வேறொன்றும் இல்லை. மிருகத்தின் கனம் அந்தத் தம்ளரிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு வருவதை இருட்டும் மழையும் பாதி மறைக்கின்றன. மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படமெடுப்பதில் கைதேர்ந்தவர் பில் டிப்பெட். கம்ப்யூட்டர் சோதனைப் படத்தைப் பார்த்ததும் தம் தொழில் அழிந்தது என்றே அவர் நினைத்தார். ஆனால் அவரை அனுப்பிவிடவில்லை. உலோக எலும்புக்கூடு ஒன்றின் மூட்டுகளில் கருவிகளைப் பொருத்தி, அதைக் கையால் அசைத்தால் கம்ப்யூட்டரில் மிருகம் அசையும்படி சில காட்சிகளுக்குச் செய்தார்கள். நடை கையினுடையது, தோல் கம்ப்யூட்டருடையது.

'ஜுராஸிக் வேர்ல்ட்'டிலும், சாகக் கிடக்கும் ஒரு பிராணியை யந்திரமாகச் செய்துதான் வைத்தார்கள். மற்ற மிருகங்களைப் பட்டப்பகலில், ஒளிவு மறைவே இல்லாமல் ஓடவிட்டதுதான் அந்தப் படத்தின் குறை என்பது என் அபிப்பிராயம்.

ரசிகர்களின் பயம் முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2011-ல் 'தி திங்' படத்துக்காக அமால்கமேட்டட் டைனமிக்ஸ் கலைஞர்கள் கையால் செய்த உருவங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர்ச் சித்திரத்தால் மூடப்பட்டுவிட்டன. மனம் நொந்த அவர்கள் ரசிகர்களிடமே பணம் திரட்டி 'ஹார்பிங்கர் டவுன்' என்று 2015-ல் ஒரு படம் கொண்டுவந்தார்கள். கோபம் நியாயமானது, படம் என்னவோ சுமார்தான்.

பட முதலாளிகள் இந்தப் பயத்தையும் சரக்காக்கிவிட்டார்கள். எல்லாம் நிஜம், எல்லாம் கையால் செய்தது என்று விளம்பரம். அதே 2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ப்யூரி ரோட்' அப்படித்தான் புகழப்பட்டது. கார்கள் நிஜம்தான்; ஆனால் சுமார் 2000 ஷாட்டுகளில் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது. ராத்திரி பகலாக உட்கார்ந்து அதைச் செய்தவர்களுக்கும் கை இருக்கிறது என்பதை விளம்பரம் மறந்துவிடுகிறது.

'லைப் ஆப் பை' விஞ்ஞானப் படம் அல்ல; புதுச்சேரிப் பையன் ஒருவனும் ஒரு புலியும் வருகிற கதை. அந்தப் புலியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய ரிதம் அண்டு ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனுக் கொடுத்தது. இரண்டு வாரத்துக்குள் அதே வேலைக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய பில் வெஸ்டன்ஹோபர் மேடையில் அந்தக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது, வாத்தியத்தை வாசித்து அவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாசித்தது 'ஜாஸ்' படத்தின் இசை. கடலில் இறக்கியது முதல் கெட்டுப்போய்க்கொண்டே இருந்த ஒரு யந்திரச் சுறாவை வைத்துக்கொண்டு ஸ்பீல்பெர்க் எடுத்து, 1975-ல் வெளிவந்த படம் அது.