ஐந்து டேப், ஒரே பதிவு: ஆக்சஸ் ஃபார்மை ஓட்டிப் பார்த்தபோது

1992-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸுக்கு இன்னும் வேலை இருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காகச் செய்த ஃபார்மை, மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ள ஆக்சஸில் ஓட்டிப் பார்த்தேன். மேலே ஐந்து டேப்: நோயாளி விவரம், முகவரி, டெஸ்ட், ரிசல்ட், பில். முன்கவுன்டரில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளே லேபில் ஒன்று. டேட்டாபேஸ் இரண்டுக்கும் பொது. அடித்த தகவல் எப்போது சேவ் ஆகிறது, அடுத்தவர் மாற்றியது எப்போது திரையில் தெரிகிறது என்ற இரண்டை மட்டும்தான் சோதித்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டேப் மாறினால் சேவ் ஆகாது. பெயரும் வயதும் முதல் டேபில், தெருவும் ஏரியாவும் இரண்டாவதில் இருந்தாலும் ஆக்சஸுக்கு அவை ஒரே பதிவுதான். கவுன்டரில் இருப்பவரோ அடுத்த டேபுக்குப் போனதும் முந்தையது பத்திரமாகிவிட்டது என்றே நினைப்பார். அந்த நேரம் கரன்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால், இரண்டு டேபிலும் அடித்தது மொத்தமும் போய்விடும்.

மூன்றாவது டேபில் கதை வேறு. அங்கே டெஸ்ட் பட்டியல் ஒரு சப்ஃபார்மாக, அதாவது ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்மாக, இருக்கிறது. அதற்குள் கிளிக் செய்த கணமே, மேலே இருக்கும் நோயாளி பதிவை ஆக்சஸ் எதுவும் கேட்காமல் சேவ் செய்துவிடுகிறது. நோயாளி இல்லாமல் டெஸ்ட் இருக்க முடியாது என்பதால் இது சரியான நடத்தைதான். ஆனால் முதல் டேபில் கட்டாயப் புலம் ஒன்று, உதாரணமாக போன் நம்பர், காலியாக இருந்தால் பிழைச்செய்தி இங்கே வந்து நிற்கும். கண்ணெதிரே இருப்பது டெஸ்ட் டேப். செய்தி கேட்பதோ கண்ணில் படாத போன் நம்பரை. ஃபார்ம் செய்பவர் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வில் சரிபார்த்து, காலியான புலம் இருக்கும் டேபுக்கே கர்சரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சில வரிக் கோடுதான். இதைச் செய்யாத ஃபார்மைக் கவுன்டரில் வைக்கவே கூடாது.

ஃபார்மின் இடது ஓரத்தில் ரெக்கார்ட் செலக்டர் என்று ஒரு சாம்பல் பட்டை உண்டு. முதல் எழுத்தை அடித்ததும் அதில் சின்னதாக ஒரு பென்சில் வரும். பென்சில் இருக்கும்வரை சேவ் ஆகவில்லை என்று அர்த்தம். ஷிஃப்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சேவ் ஆகி, பென்சில் மறைந்துவிடும். இவ்வளவு தெளிவான அடையாளத்தை, பல டேப் உள்ள ஃபார்ம்களில் அழகுக்காக அந்தப் பட்டையை எடுத்துவிட்டுத் தொலைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த ஃபார்மிலும் பட்டை இல்லை. பட்டையை வைக்க மனமில்லை என்றால், டேப்களுக்கு வெளியே, ஃபார்மின் தலைப்பகுதியில், ‘இன்னும் சேவ் ஆகவில்லை’ என்ற சிவப்பு வரியும் ஒரு சேவ் பொத்தானும் வேண்டும். எந்த டேபில் இருந்தாலும் இரண்டும் தெரியும்.

டேப் மாறும்போதெல்லாம் தானாகச் சேவ் ஆகும்படி எழுதிவிடலாமே என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். பாதி நிரப்பிய பதிவு கட்டாயப் புலத்தில் மோதி நிற்கும். எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்தி மொத்தத்தையும் ரத்து செய்யும் வசதியும் சேவ் ஆன பிறகு வேலை செய்யாது.

அடுத்து ரெஃப்ரெஷ். ஆக்சஸில் ரெஃப்ரெஷும் ரீக்வெரியும் வேறு வேறு. லேபில் ஒரு ரிசல்டைத் திருத்தினால், ரெஃப்ரெஷில் அது கவுன்டர் திரைக்கு வரும். யாரும் எதையும் அழுத்தாவிட்டாலும், வழக்கமான அமைப்பில் 60 விநாடிக்கு ஒரு முறை தானாக நடக்கும். புதிதாகச் சேர்த்த பதிவு மட்டும் அதில் வராது. அதற்கு ரீக்வெரி, அதாவது ஷிஃப்டும் எஃப்9-ம், வேண்டும். முழு ஃபார்மையும் ரீக்வெரி செய்தால் திரை முதல் பதிவுக்கே ஓடிவிடும். எந்த நோயாளியின் பதிவில் இருந்தோம் என்று திரும்பத் தேட வேண்டும். அதனால் ரிசல்ட் டேபைத் திறக்கும்போது அதில் உள்ள சப்ஃபார்மை மட்டும் ரீக்வெரி செய்யும்படி எழுதுவதே நல்லது.

கீழிறங்கு பட்டியல்களும் இப்படித்தான். உதாரணமாக, முகவரிக்கான ஊர்ப் பட்டியல். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் அதில் சேர்ந்தன. ஊர் வாரியாக அட்டவணை வைத்திருந்தால் அதை மாற்ற வேண்டியிருக்கும். அப்படி ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்த பெயர், மற்றதில் ஏற்கெனவே திறந்திருக்கும் பட்டியலில் உடனே வராது. பட்டியலில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்தினால் வந்துவிடும்.

இரண்டு பேரும் ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் திருத்தினால், பிறகு சேவ் செய்பவருக்கு ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். அதில் மூன்று பொத்தான்கள்: என்னுடையதைச் சேவ் செய், கிளிப்போர்டில் எடுத்துவை, என் மாற்றத்தை விட்டுவிடு. அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் அடுத்தவர் செய்த திருத்தம் அழிந்துபோகும். பரிசோதனைக் கூடத்தில் இது விளையாட்டில்லை. ரிசல்ட் பெட்டிகளைக் கவுன்டர் கம்ப்யூட்டரில் பூட்டிவைத்து, படிக்க மட்டும் விடுவதே சரியான வழி.

நெட்வொர்க்குக்குக் கேபிள்தான். வைஃபையில் இணைப்பு நடுவே அறுந்தால் டேட்டாபேஸ் ஃபைலே கெட்டுப்போகலாம். அந்த ஃபைல் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, தினமும் ஒரு நகலை வேறு இடத்தில் வைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை.

போனிலும் பார்க்க வேண்டும் என்றால் ஆக்சஸ் உதவாது. அது விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்கு, கூடுவாஞ்சேரி பக்கத்திலேயே தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் கிரியேட்டர் இருக்கிறது. 2006-ல் வந்தது. அங்கே சப்மிட் அழுத்தினால்தான் பதிவு போகும் என்பதால் குழப்பம் குறைவு. ஆனால் இன்டர்நெட்டும் சந்தாவும் வேண்டும்.

ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் என்றால் என் ஓட்டு ஆக்சஸுக்கே. ஃபார்ம் செய்பவருக்கு ஒரு லைசென்ஸ் போதும். மற்ற கம்ப்யூட்டர்களில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்சஸ் ரன்டைமைப் போட்டுக்கொள்ளலாம். ஃபார்ம் செய்து தருபவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன், முதல் டேபில் கட்டாயப் புலத்தைக் காலியாக விட்டு மூன்றாவது டேபில் கிளிக் செய்து பாருங்கள்.