வேகரியும் குறும்பும்: கபிலர் பாடல்களில் விளையாட்டு நகை

வேகரி என்பது விளையாட்டுத்தனமான நகைச்சுவையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கிற்கு வந்த இச்சொல் இன்று பெரும்பாலும் பழைய நூல்களிலேயே காணப்படுகிறது. இதன் வேர்ச்சொல்லான ‘வேக்’ முதலில் குறும்புக்காரச் சிறுவனைக் குறித்தது. தூக்குக் கயிற்றில் ஆட வேண்டியவன் என்ற வசைச்சொல் சுருங்கி இவ்வாறு செல்லப்பெயர் ஆயிற்று என்று சொற்பிறப்பு ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ‘போக்கிரி’, ‘திருட்டுப் பயல்’ என்று குழந்தையைக் கொஞ்சும் தமிழ் வழக்கும் இத்தகையதே. இச்சொல்லுக்கு நெருங்கிய தமிழ்ச்சொல் ‘குறும்பு’.

தொல்காப்பியத்தில் இதன் இடம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவை சுட்டப்படுகின்றன. விளையாட்டோ நகையின் கீழ் வராமல், உவகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. ஒருவரைத் தாழ்த்திச் சிரிக்கும் எள்ளலும், கூடி மகிழும் விளையாட்டும் வேறு வேறு என்பது இப்பகுப்பால் விளங்கும். குறும்பு நகைக்கும் உவகைக்கும் இடைப்பட்டது. உவகை நீங்கினால் எஞ்சுவது எள்ளல் மட்டுமே.

கபிலரும் திருக்கோவலூரும்

இவ்வகை நகைக்குச் சங்க இலக்கியத்தில் சிறந்த சான்றுகள் கபிலர் பெயரில் உள்ளன. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையும், வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரும் உள்ளன. திருக்கோவலூர் மலையமான் மரபினரின் ஊர். ஆற்றிடையே உள்ள பாறை கபிலர் குன்று எனப்படுகிறது. பாரி மகளை மலையமானுக்கு மணம் செய்வித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியை இவ்வூர் வீரட்டேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு கூறுகிறது.

மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய புறநானூறு 122-ஆம் பாடலில் கபிலர் அவன் சொத்தைக் கணக்கெடுக்கிறார். நாடு அந்தணர்க்கு உரியது. மூவேந்தருள் ஒருவர் துணை வேண்டி அனுப்பும் பொருள் இரவலர்க்கு உரியது. மனைவியின் தோள் தவிர அவனுடையது என்று சொல்ல ஏதுமில்லை, ஆயினும் அவனுக்கு அத்தனை பெருமிதம் என்று முடிக்கிறார். ‘உன்னிடம் ஒன்றுமில்லை’ என்று அரசனைச் சீண்டுவது போலத் தொடங்குவது, அவன் கொடைக்குப் பெரும்புகழாக நிறைவுறுகிறது. வசை வடிவில் அன்பு வெளிப்படுவதால் இது எள்ளல் ஆகாது.

குறிஞ்சிக்கலியின் குறும்பன்

கலித்தொகையின் குறிஞ்சிப் பகுதியைக் கபிலர் பாடியதாக மரபு கூறும். அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் முதன்முதலாகப் பதிப்பித்த இந்நூலின் 51-ஆம் பாடல், தலைவி தோழிக்குச் சொல்லும் ஒரு சிறு நாடகம். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும் பந்தைப் பறித்தும் திரிந்தவன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வருகிறான். நீர் கொடுக்கச் சென்றவளின் கையைப் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டுத் தாயை அழைக்கிறாள். தாய் அலறி ஓடிவந்ததும், அவனுக்கு விக்கல் எடுத்தது என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இவனைத் தலைவி பட்டி என்றும் கள்வன் பெற்ற மகன் என்றும் திட்டுகிறாள். வேக் என்ற சொல் நடந்துவந்த வழியும் இதுவே. மணல்வீடு சிதைத்ததில் இளமையும், மகள் சொல்லை ஐயமின்றி ஏற்ற தாயிடம் மடனும் நகைக்குக் காரணமாகின்றன. எள்ளலுக்கு இங்கே இடமில்லை.

மதிப்பீடு

தனித்திருக்கும் பெண்ணின் கையைப் பற்றுவது விளையாட்டாகுமா என்ற கேள்வி இன்றைய வாசகருக்கு எழுவது இயல்பு. அதைத் தவிர்த்து இப்பாடலைப் பாராட்டுவது முழுமையான வாசிப்பு ஆகாது. 1998-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட ஈவ் டீசிங் தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘சீண்டல்’ என்ற பொருள் இருந்தது. துன்புறுத்தலை விளையாட்டாகக் காட்டிய அப்பெயர், பின்னர் பெண்களைத் துன்புறுத்துதலைத் தடுக்கும் சட்டம் என மாற்றப்பட்டது.

கலித்தொகைப் பாடல் பெண்ணின் அச்சத்தை மறைக்கவில்லை. அவள் கூவியதைத் தாயின் செவியில் விழச் செய்கிறது. அவனைக் காட்டிக்கொடுப்பதா, காப்பதா என்ற முடிவு அவள் கையில் உள்ளது. விக்கல் என்ற பொய் அவள் உண்டாக்கியது. நிகழ்ச்சியை வேடிக்கையாக்கித் தோழியிடம் சொல்பவளும் அவளே. கையைப் பற்றிய செயல் தன்னளவில் நகைச்சுவை அன்று. அவளது மறுமொழியே அதை நகைச்சுவை ஆக்குகிறது. அவள் பொய் சொல்லாதிருந்தால், அவன் செய்ததற்குக் குறும்பு என்ற பெயர் பொருந்தாது.

சீண்டிவிட்டு ‘விளையாட்டுக்குச் செய்தேன்’ என்று தப்பிக்கும் திரைப்பட நாயகர்களிடமிருந்து இப்பாடல் வேறுபடுவது இவ்விடத்தில்தான். அங்கே விளையாட்டு என்று பெயரிடுபவன் சீண்டியவன், இங்கே சீண்டப்பட்டவள்.