கோல் போடும் குணமும் கோல் வாங்கும் குணமும்

விளையாட்டு வீரரைப் பற்றித் தேர்வாளர்கள் எழுதும் குறிப்பில் பலம் ஒரு பக்கமும் பலவீனம் மறுபக்கமும் இடம்பெறுவது வழக்கம்; வேகம், துணிவு, பந்தைக் கையாளும் நுட்பம் ஆகியவை முதல் பட்டியலில் சேர, அவசரம், முன்கோபம், பந்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் ஆகியவை இரண்டாம் பட்டியலுக்குப் போகின்றன. முதலாவதை வளர்த்து இரண்டாவதைக் களைந்துவிட்டால் முழுமையான ஆட்டக்காரர் கிடைத்துவிடுவார் என்ற நம்பிக்கை இந்தப் பிரிவினைக்கு அடியில் இருக்கிறது. கோவில்பட்டி வட்டாரத்து ஹாக்கியையும், அங்கே பயின்ற இருவர் இந்திய அணிக்கு ஆடிய 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, அந்த நம்பிக்கை பாதியளவே சரி என்பது புலப்படும்.

கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை என விரிந்து கிடக்கும் கரிசல் காட்டுச் சிறுவர்களுக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டிதான். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற இந்த ஊரில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடைபெறுகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் ஹாக்கி சிறப்பு விடுதியும் செயற்கைப் புல்வெளி மைதானமும் இங்கு உள்ளன. மாரீஸ்வரன் சக்திவேல் இவ்வூர்க்காரர். கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து வந்து இங்கே தங்கிப் பயின்றவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில், சர்தார் சிங் பயிற்சியளித்த இந்திய அணியில் இருவரும் முன்கள ஆட்டக்காரர்களாகக் களமிறங்கினர். மூத்த வீரர்கள் பலருக்கு ஓய்வு தரப்பட்டிருந்ததால் அணியில் புதுமுகங்களே மிகுதி.

அந்தத் தொடரின் முடிவுகளை வரிசைப்படுத்தினால் ஒரு கோலம் தெரிகிறது. முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 9ஆவது நிமிடத்தில் கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருந்தபோது, 59ஆவது நிமிடத்தில், பாகிஸ்தான் சமன் செய்தது. சூப்பர் 4 சுற்றில் மலேசியாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, மீண்டெழுந்து 55ஆவது நிமிடத்தில் 3-2 என முன்னேறியது. அடுத்த நிமிடமே கோல் வாங்கி 3-3 என முடித்தது. அச்சுற்றின் கடைசி ஆட்டத்தில், தென்கொரியாவுக்கு எதிராக, 37ஆவது நிமிடத்தில் மாரீஸ்வரன் போட்ட கோலால் 4-3 என முந்திய இந்தியா, 44ஆவது நிமிடத்தில் அந்த முன்னிலையையும் இழந்து 4-4 என நின்றது. தோல்வியே காணாத அந்தச் சுற்றில் கோல் வித்தியாசத்தால் இறுதிப் போட்டி வாய்ப்பு கைநழுவ, ஜப்பானை 1-0 என வென்று வெண்கலத்துடன் அணி திரும்பியது.

மூன்று முன்னிலைகள், மூன்றும் பறிபோயின. ஆயினும் இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் அடுத்த சுற்று என்ற நெருக்கடியில் 16-0 என வென்று பாகிஸ்தானை வெளியேற்றியதும் இதே அணிதான். மலேசியாவிடம் இரண்டு கோல் பின்தங்கியும் தளராமல் முன்னேறியதற்கும், முன்னேறிய மறு நிமிடம் கோல் வாங்கியதற்கும் பின்னால் இருந்தது ஒரே இயல்பு: எந்த நேரத்திலும் முன்னோக்கி மட்டுமே பாயும் இளமை. பின்தங்கியிருக்கும் அணிக்கு அது மீட்சி. முந்தியிருக்கும் அணிக்கு அது தன் பின்களத்தைத் திறந்துவிடும் ஆபத்து. அந்த மூன்று கோல்களுக்கும் எந்தத் தனி வீரரையும் பொறுப்பாக்க முடியாது. அணி முழுவதற்கும் ஒரே சுபாவம் இருக்கும்போது அதற்கு அணை போட எதிர்ச்சுபாவம் உள்ள ஓரிருவர் தேவைப்படுகிறார்கள் என்பதே ஜகார்த்தா காட்டிய உண்மை.

தனி ஆட்டக்காரரிடம் இத்தகைய இயல்பு உருவாகும் விதத்தை அறிய, அவர் முதலில் ஆடிய தரையைப் பார்க்க வேண்டும். ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கம் பந்தில் படக்கூடாது என்பது விதி. ஆகவே இடப்பக்கம் தள்ளிய பந்தை மறுபடி வலப்பக்கம் இழுக்க மட்டையைக் கவிழ்த்தாக வேண்டும். மட்டையின் மேல்முனையைப் பற்றிய இடக்கையின் மணிக்கட்டு அதைத் திருப்ப, கீழே இருக்கும் வலக்கை பிடியைத் தளர்த்தி, மட்டை தன் உள்ளங்கைக்குள்ளேயே சுழல இடம் கொடுக்கிறது. இவ்வாறு பந்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்டி எதிராளியை ஏய்த்துக் கடப்பதுதான் டிரிப்ளிங். மேடு பள்ளமான மண் தரையில் பந்து எப்போது எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்றில் உயரத் தூக்கிய பந்தும் குறித்த இடத்தில் விழாது. தொலைவுக்கு அனுப்புவதைவிடப் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்திருப்பதே அங்கே பாதுகாப்பு என்பதால், மண்ணில் வளர்ந்த சிறுவரின் மணிக்கட்டு தானாகவே பழகிவிடுகிறது.

அதே சிறுவர் நீர் தெளித்த செயற்கைப் புல்வெளிக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. துள்ளாமல் வழுக்கிச் செல்லும் பந்து அங்கே ஓடும் மனிதரைவிட வேகமாகப் போகும். மூன்று எதிராளிகளைக் கடந்து முப்பது மீட்டர் செல்வதற்குள், ஒரே தள்ளலில் பந்தை அவ்வளவு தூரமும் அனுப்பிவிடலாம். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் பதக்கம் வென்றுவந்த இந்தியா, செயற்கைத் தரையில் ஹாக்கி முதன்முதலாக ஆடப்பட்ட 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 7ஆம் இடத்துக்குச் சரிந்தது. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல இருப்பினும், ஒரு தரையில் பலமாக விளங்கிய குணம் வேறொரு தரையில் சுமையாகும் என்பதற்கு அது பெரிய சான்று.

இதனால் டிரிப்ளிங்கைக் கைவிட வேண்டும் என்றாகாது. எல்லைக் கோட்டிலிருந்து 22.90 மீட்டரில், 23 மீட்டர் கோடு எனப்படும் கோடு ஆடுகளத்தின் இரு பாதிகளிலும் வரையப்பட்டுள்ளது. தன் பக்கத்துக் கோட்டுக்குள் ஒரு வீரர் பந்தைப் பிடித்துக்கொண்டு இருவரை ஏய்க்க முயன்று பறிகொடுத்தால் அது நேரே கோலில் முடியலாம். எதிரணிக் கோட்டைத் தாண்டி, கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் அதே முயற்சியைச் செய்தால், தடுப்பவரின் பாதத்தில் பந்து பட்டு பெனால்டி கார்னர் கிடைக்கலாம்; அதாவது எல்லைக் கோட்டில் ஐவர் மட்டுமே காவல் நிற்க, தாக்கும் அணி திட்டமிட்டு கோல் முயற்சி செய்யும் வாய்ப்பு. வீரரும் அவருடைய குணமும் மாறவில்லை; நின்ற இடம் மாறியதும் குறை நிறையாகிவிடுகிறது.

சுபாவத்துக்கும் இது பொருந்தும் என்பதற்குத் தமிழ்க் குடும்பத்தில் புனேயை அடுத்த கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் வாழ்க்கை நல்ல உதாரணம். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய அவரது வேகத்தைப் போலவே அவரது கோபமும் உலகறிந்தது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையேற்ற அணி 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு அப்போட்டியின் ஆடவர் ஹாக்கித் தங்கத்தை வென்று தந்தது. வீரர்களுக்குச் சேரவேண்டிய பணம் பற்றி வெளிப்படையாகப் பேசியவரும் அவரே. தங்கம் வென்ற கையோடு அவரும் வேறு சிலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். எதிரணித் தடுப்பைப் பார்த்துப் பின்வாங்காத மனிதர் நிர்வாகத்தைப் பார்த்து மட்டும் பின்வாங்குவார் என எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. அடங்காமையைத் தனியே பிரித்து எடுத்திருந்தால் அந்த ஓட்டமும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

எனினும் எல்லாக் குறைகளையும் இப்படிப் பலத்தின் மறுபுறம் என்று நியாயப்படுத்துவது சோம்பலுக்குச் சால்ஜாப்பாகிவிடும். வரும் பந்தை முதல் தொடுதலிலேயே மட்டையில் நிறுத்தத் தெரியாமையும், கடைசிக் கால்பகுதியில் மூச்சு வாங்குவதும் எந்தப் பலத்தின் நிழலும் அல்ல. பயிற்சியால் போக்கவேண்டிய வெறும் குறைகள். பச்சை அட்டை பெறுபவர் 2 நிமிடமும் மஞ்சள் அட்டை பெறுபவர் குறைந்தது 5 நிமிடமும் வெளியே அமர, அணி ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும் என்பதால், நடுவரிடம் வாதாடும் பழக்கத்தின் விலையைக் கடிகாரமே காட்டிவிடுகிறது. ஒரு குறை நீங்கினால் ஆட்டத்தில் எது குறையும் என்று கேட்டுப் பார்ப்பதே, வெறும் குறையையும் பலத்தின் மறுபுறத்தையும் பிரித்தறியும் வழி. எதுவும் குறையாது என்றால் தயங்காமல் நீக்கலாம். வேகமோ துணிவோ கூடவே போய்விடும் என்றால், அதை நீக்காமல் இடம் மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இடம் மாற்றிப் பயன்படுத்துவதன் பலனைக் காட்டியது. கார்த்தி இடம்பெற்ற அந்த இந்திய அணியில் அனுபவசாலிகள் பின்களத்தையும் நடுக்களத்தையும் தாங்கியதால், முன்கள இளைஞர்கள் தயக்கமின்றித் தாக்க முடிந்தது. லீக் ஆட்டத்தில் மலேசியாவை 5-0 என வீழ்த்தியபோது முதல் கோல் கார்த்தியுடையது. இறுதிப் போட்டியில் அதே மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா, 45ஆவது நிமிடத்தில் இரண்டு கோல்களும் 56ஆவது நிமிடத்தில் ஒன்றும் போட்டு 4-3 என வென்றது. ஜகார்த்தாவில் 55ஆவது நிமிடத்தில் பெற்ற முன்னிலை அடுத்த நிமிடமே பறிபோனது. சென்னையில் 56ஆவது நிமிடத்தில் பெற்றது இறுதிவரை நிலைத்தது. முன்னோக்கிப் பாயும் இயல்பு இரண்டு இடத்திலும் இருந்தது, காவல் ஓரிடத்தில்தான் இருந்தது.

கரிசல் வட்டாரத்திலிருந்து அடுத்து வரப்போகும் வீரர்களைத் தேர்ந்தெடுப்போர் இதிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்றைப் பெறலாம். பந்தை அதிக நேரம் வைத்திருக்கிறார் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ஆடுகளத்தின் எந்தப் பகுதியில், எந்தக் கால்பகுதியில், அணி முந்தியிருந்தபோதா பின்தங்கியிருந்தபோதா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். பத்து ஆட்டங்களுக்கு இப்படிக் குறித்தால், பலவீனம் என்று முத்திரை குத்தப்பட்ட குணம் எந்த இடத்தில் அணிக்கு உதவுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில் அவரை நிறுத்துவதும், அவருக்குப் பின்னால் நிதானமான ஒருவரை நிறுத்துவதும் அதன்பின் பயிற்சியாளரின் பொறுப்பு.