சேவை என்னும் வெட்டி: கட்டாயத்தின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

இளைஞர்களுக்குச் சமூக சேவையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லாதவர்கள் இன்று அரிது. தலையங்கம் எழுதுகிறவர், ஓய்வுபெற்ற அதிகாரி, பட்டமளிப்பு விழாவுக்கு வருகிற துணைவேந்தர், டீக்கடையில் பேப்பர் படிக்கிற பெரியவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி. ‘பயலுக வெட்டியாத் திரியிறானுங்க. ஒரு வருசம் கிராமத்துக்கு அனுப்பினாத்தான் புத்தி வரும்’ என்கிறார்கள். வலதுசாரிகள் இதைத் தேசபக்தி என்கிறார்கள். காந்தியர்கள் நிர்மாணப் பணி என்கிறார்கள். நம் தோழர்களில் சிலரோ வர்க்க நீக்கம் என்கிறார்கள். இத்தனை முரண்பட்டவர்கள் ஓரிடத்தில் உடன்படும்போது அந்த இடத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது நல்லது.

டீக்கடைப் பெரியவரின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘வெட்டி’ என்றால் இன்று வேலையற்றுத் திரிவது, பயனற்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது வேலையில்லாமை அல்ல, கூலியில்லாத வேலை. பணமாகவோ நெல்லாகவோ அன்றி உடலால் செலுத்தப்பட்ட வரி. கூலியின்றி உழைத்தவனைக் குறித்த சொல் எப்படிச் சோம்பேறியைக் குறிக்க வந்தது? இந்த உழைப்புக்கு விலை கிடையாது என்று அதிகாரம் முதலில் தீர்மானிக்கிறது. விலை இல்லாததெல்லாம் உழைப்பே அல்ல என்று பிறகு மொழி தீர்மானித்துவிடுகிறது. ‘வெட்டியாகத் திரிகிறவனைச் சேவைக்கு அனுப்பு’ என்ற வாக்கியத்தைக் கல்வெட்டுத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்தால் சிரிக்கத்தான் செய்வார்.

நம் சமூகத்தில் சேவை எப்போதும் கட்டாயமாகவே இருந்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராக நடப்பது, பறையடிப்பது, சுடுகாட்டில் நிற்பது, மழைக்கால இரவில் ஏரிக்கரையையும் மதகையும் காப்பது, இவையெல்லாம் ‘ஊர்ப் பொது’ வேலைகள்தாம். செய்தவர்களுக்குத் தேர்வு இருக்கவில்லை. மறுத்தால் அடி விழுந்தது. ஆக, சேவையைக் கட்டாயமாக்கலாமா வேண்டாமா என்பது பாதிக் கேள்விதான். இதுவரை யாருக்கு அது கட்டாயமில்லாமல் இருந்தது என்பது மீதிப் பாதி. நம் விவாதங்களில் அந்த மீதிப் பாதி காணாமல் போய்விடுகிறது.

2

சுதந்திர இந்தியாவில் இந்தச் சொல்லாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1959ல் சி.டி. தேஷ்முக் தலைமையில் தேசிய சேவைக் குழு அமைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. செலவையும் நடைமுறைச் சிக்கல்களையும் முன்னிட்டுப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. ஆனால் அது யாரை ‘இளைஞர்’ என்று கருதியது என்பது கவனிக்கத்தக்கது. கல்லூரி வாசலை எட்டக்கூடிய அந்தச் சிறு கூட்டம்தான் அதன் கண்ணுக்குத் தெரிந்த இளைஞர்கள். பதினெட்டு வயதில் ஏர் பிடித்தவர்களும் செங்கல் சுமந்தவர்களும் அந்த வகைக்குள் வரவில்லை. அவர்கள் இளைஞர்கள் அல்லர், வெறும் ஆட்கள்.

சீனப் போருக்குப் பின் 1963ல் தேசிய மாணவர் படைப் பயிற்சி கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமானது. 1968ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதே 1968 ஜனவரியில், மும்மொழித் திட்டத்தை நிராகரித்த தமிழகச் சட்டமன்றத் தீர்மானம் மாணவர் படையின் இந்தி ஆணைச் சொற்களையும் நிராகரித்தது. 1969 செப்டம்பர் 24ல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி, ஏழு நாள் சிறப்பு முகாம், கோனார்க் தேர்ச்சக்கரச் சின்னம். ஏட்டளவில் இது விருப்பப் பணி. ஆனால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ‘விரிவாக்கப் பணி’ பட்டத்தின் ஐந்தாம் பகுதியாகி, அதற்கென மதிப்பெண் அலகும் வந்துவிட்ட பிறகு, நாட்டு நலப்பணி, மாணவர் படை, விளையாட்டு முதலியவற்றில் ஏதோ ஒன்றில் பேர் கொடுக்காமல் தப்ப முடியாது. விருப்பம் என்பது இங்கே எந்தக் கட்டாயம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சுதந்திரம்.

1965ல் தமிழகத்து மாணவர்கள் தெருவில் நின்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வங்கத்தில் மாணவர்கள் நக்சல்பாரிக்குப் போனார்கள். அந்தக் காலத்தை ஒட்டியே மாணவர் கையில் அரசு மண்வெட்டியைக் கொடுத்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர்கள் பல நாட்கள் கடற்கரையைக் கூட்டினார்கள், போக்குவரத்தைச் சீர்செய்தார்கள், சோறு பகிர்ந்தார்கள். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் போடவில்லை. கடைசி நாளில் கிடைத்தது போலீஸ் தடியடிதான். ‘சமூக சேவை’ என்ற சொல்லில் ‘சமூகம்’ எங்கே முடிந்து ‘அரசு’ எங்கே தொடங்குகிறது என்பதை இந்த இடத்தில் பார்க்கலாம்.

3

சட்டத்தின் பக்கம் வருவோம். அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அதன் இரண்டாம் உட்பிரிவைப் பலரும் படிப்பதில்லை. பொது நோக்கத்துக்காகக் கட்டாய சேவையை விதிக்க அரசுக்கு அது அனுமதி தருகிறது. ஒரே நிபந்தனை, மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. அந்தப் பட்டியலில் பால் இல்லை. ஆகவே, கட்டாய சேவை அரசியலமைப்புக்கே விரோதம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. வாதம் அறத்தின் தளத்திலும் அரசியலின் தளத்திலும்தான் நடந்தாக வேண்டும்.

1982ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்பே. சவுக்கு வேண்டியதில்லை, பசியே சவுக்கு என்பது இதன் சாரம். அடுத்த ஆண்டே பஞ்ச நிவாரண வேலைக்கும் இதைப் பொருத்தியது. ‘உதவிதானே செய்கிறோம், கூலி எதற்கு’ என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

இப்போது ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொள்வோம். 2018ல் தூய்மை இந்தியா கோடைக்காலப் பயிற்சி அறிவிக்கப்பட்டது. 100 மணி நேரம் கிராமத்தில் சுகாதாரப் பணி செய்த மாணவருக்கு இரண்டு மதிப்பெண் அலகுகள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றம் செய்த சிறாரைச் சமூக சேவை செய்யுமாறு வாரியம் உத்தரவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையைத் தண்டனை வகைகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, அவதூறு போன்றவற்றுக்கு அதை விதிக்கலாம். எழுதுகிற நண்பர்கள் அவதூறு என்ற சொல்லைக் கவனிக்கவும். துடைப்பம் நம் வீட்டு வாசலுக்கும் வரலாம். இந்தச் சேவைக்கு ஊதியம் கேட்கும் உரிமை கிடையாது என்று துணைச் சட்டம் விளக்கமும் தருகிறது.

ஆக, ஒரே துடைப்பம் ஒருவருக்கு மதிப்பெண், இன்னொருவருக்குத் தண்டனை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். விடிவதற்கு முன் நம் தெருவைக் கூட்டிவிட்டுப் போகிற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவருக்கு அது பிறப்பு. ஒருவரை உயர்த்தவும் இன்னொருவரைத் திருத்தவும் தேர்ந்தெடுக்கப்படுகிற வேலை, மூன்றாமவரின் அன்றாடமாக இருக்கிறது. மாணவரைப் புனிதப்படுத்துவதும் குற்றவாளியை அவமானப்படுத்துவதும் ஒரே வேலையால் எப்படி முடிகிறது? அந்த வேலை ஏற்கெனவே ‘இழிந்தது’ என்று குறிக்கப்பட்டிருப்பதால் முடிகிறது. உயர்ந்தவன் தானாக இழிந்ததைத் தொட்டால் தியாகம். தவறியவனைத் தொடவைத்தால் தண்டனை. இரண்டுமே அந்தக் குறியீட்டை அழிப்பதில்லை. அதிலிருந்துதான் தங்கள் ஆற்றலைப் பெறுகின்றன.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். படகிலும் லாரியிலும் உணவு கொண்டுபோன இளைஞர்களை நாடே வாழ்த்தியது, வாழ்த்தத் தகுந்தவர்கள்தாம். வெள்ளம் வடிந்த பிறகு குவிந்த குப்பையை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்குத் ‘தன்னார்வலர்’ என்ற பெயர் கிடைக்கவில்லை.

4

நானும் ஒரு முகாமுக்குப் போயிருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். ஏழு நாளும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பிரதான சாலையிலிருந்து கோயில் வரைக்கும் மண் போட்டுப் பாதை சீரமைத்தோம். சேரிக்குப் போகும் பாதை திட்டத்தில் இல்லை. அது இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை. மாணவியர் பாதிப்பேர் சமையலுக்குப் போனார்கள். அதை யாரும் விதிக்கவில்லை, தானாக நடந்தது. மூன்றாம் நாள் களையெடுப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘ஏந் தம்பி, இந்த ரோட்டு வேல பஞ்சாயத்துல வந்திருந்தா எங்களுக்கு நாலு நாக் கூலி ஆயிருக்குமே?’

பொருளாதாரம் படித்த எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கூலியில்லாத உழைப்பு எங்கோ வானத்திலிருந்து வந்து கிராமத்துக்கு வரமாக இறங்குவதில்லை. அது கூலியுள்ள உழைப்பின் இடத்தில்தான் வந்து உட்காருகிறது. என் கூடப் படித்த ஒருவன் வகுப்பு முடிந்ததும் ஓட்டலில் சப்ளையராக வேலை பார்த்தவன். முகாமால் அவனுக்கு ஏழு நாள் கூலி போயிற்று. வருடம் பூராவும் அவன் வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டது சேவைக் கணக்கில் வரவில்லை. அந்த அம்மாவின் மகள் தம்பி தங்கைகளை வளர்த்ததும் வரவில்லை. ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது திட்டத்தின் முழக்கம். ‘உனக்காக’ என்று சுட்டப்பட்டவர்களிடம் என்ன வேண்டும் என்று ஏழு நாளும் யாரும் கேட்கவில்லை.

புனா ஒப்பந்தத்துக்குப் பின் 1932ல் காந்தி ஹரிஜன சேவக் சங்கத்தைத் தொடங்கியபோது எழுந்த பிரச்சினையும் இதுதான். சங்கம் சாதி இந்துக்களின் பிராயச்சித்தம், ஆகவே அதை அவர்களே நடத்த வேண்டும் என்றார் காந்தி. எங்கள் பெயரால் நடக்கும் அமைப்பில் எங்களுக்கு ஏன் அதிகாரமில்லை என்பது அம்பேத்கரின் விமர்சனம். சேவை செய்கிறவனின் ஆன்மா மையத்தில். சேவை பெறுகிறவன் விளிம்பில். கட்டாய சேவைத் திட்டங்கள் எல்லாம் இந்த அமைப்பையே திரும்ப உற்பத்தி செய்கின்றன. ‘இளைஞருக்கு நல்ல அனுபவம்’ என்ற சிபாரிசிலேயே கிராமம் அனுபவப் பொருளாகிவிடுகிறது.

5

தோழர்கள் கேட்பார்கள்: ‘அப்போ நடுத்தர வர்க்கத்துப் பையன் கையில மண்ணே படாம ஐ.டி. கம்பெனிக்குப் போயிரட்டும்கிறியா?’ நியாயமான கேள்வி. உடலுழைப்பை அறியாத படிப்பாளிக் கூட்டம் ஆபத்தானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கட்டாயம் அதைச் சாதிக்குமா? 1968 டிசம்பரில் மாவோவின் அறைகூவலுக்குப் பின் சீனாவில் நகர்ப்புற இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பும் இயக்கம் உச்சத்துக்குப் போனது. முன்னும் பின்னுமாக ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பல இடங்களில் விவசாயிகள் அவர்களைக் கூடுதல் வாய்களாகத்தான் பார்த்தார்கள். எழுபதுகளின் முடிவில் அந்த இளைஞர்கள் ஊர் திரும்பவே போராட வேண்டியிருந்தது.

பக்கத்திலேயே வேறொரு அனுபவமும் உண்டு. 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பையன்களும் பெண்களும், ஊதியமில்லாமல் மாலை வகுப்பு எடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரிச்சுவடியோடு நிற்காமல் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அது இயக்கத்தின் முகத்தையே மாற்றியது. கற்க வந்தவர்கள் என்ன கற்க வேண்டும் என்பதில் கைவைத்த இடம் அது. அறிவொளியிலும் இலக்கு எண்ணிக்கைப் பைத்தியம் இருந்தது, அந்தத் தொண்டர்களின் உழைப்பு அரசுக்கு மலிவாகக் கிடைத்தது என்ற விமர்சனமும் உண்டு. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே ‘நீ’யும் ‘நான்’உம் ஒரே தெருக்காரர்கள். அதனால்தான் முகாமால் முடியாத சில விஷயங்கள் அங்கே முடிந்தன.

6

இந்த வடிவத்தில் கட்டாய சேவையை நான் எதிர்க்கிறேன். ‘இளைஞர் சுதந்திரம்’ என்ற தாராளவாதக் காரணத்துக்காக அல்ல. 1993ல் அமெரிக்காவில் பெத்லஹேம் என்ற ஊரின் பெற்றோர் இரண்டு குடும்பத்தார், பள்ளி விதித்த 60 மணி நேர சேவை அடிமை முறைக்குச் சமம் என்று வழக்காடித் தோற்றார்கள். மெய்யாகவே அடிமைகள் இருந்த நாட்டில் அந்த வாதம் எனக்குக் கூச்சமளிக்கிறது. பண்ணையடிமை இருந்த நம் நாட்டிலும் அதைச் சொல்ல மாட்டேன்.

கட்டாயம்தான் வேண்டும் என்றால், அது மாணவர் மீது அல்ல, திட்டம் போடுகிறவர்கள் மீது வரட்டும். எந்த வேலை என்பதை அந்த வேலையால் பாதிக்கப்படும் தெரு தீர்மானிக்கட்டும், முதலில் சேரித் தெரு. கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய எந்த வேலையையும் மாணவர் தலையில் கட்டக் கூடாது. வீட்டுக்காக உழைக்கிற மாணவரின் மணிகள் முதலில் கணக்கில் ஏறட்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை என்ற ஆயுதத்தைக் கொடுத்தது. கூலிப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் ஊர் நடுவில் உரக்க வாசிக்க மாணவர்களை அனுப்பலாமே? அதில் புழுதி குறைவு, ஆபத்து அதிகம். எந்தத் துணைவேந்தரும் அதற்கு மதிப்பெண் தரத் துணிய மாட்டார்.

ஒரு சேவை மெய்யானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அது முடிந்த பிறகு யாருடைய கூலி ஏறியது? சான்றிதழ் மட்டுமே கைக்கு வந்திருந்தால், கல்வெட்டுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே போதும்.